கடைசித் தூண் ஸ்பீக்கர்

மடத்துக்குக் கேள்வியோடு வருகிறவர்கள் உண்டு. குழந்தைவேலு அன்று காலை புகாரோடு வந்தார்.

பவானி ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடம் தையல்நாயகி அம்மாவுடையது. குழந்தைவேலுவைவிட அம்மா வயதில் நன்றாகவே இளையவர். இவர் சீடராக வந்து சேர்ந்தபோது, "இத்தனை வயசுக்கு மேல என்னத்தைக் கத்துக்கப் போறார்" என்று சமையல்கட்டில் சிரித்தார்கள். ஆயுசு முழுக்கக் கோயம்புத்தூரில் ஒரு ஸ்பீக்கர் கம்பெனியில் ஓசையைச் சரிபார்த்துக் கொடுத்த மனிதர். அதனால் மடத்து மைக்கும் ஸ்பீக்கர்களும் கேட்காமலே அவர் தலையில் வந்து விழுந்தன.

உண்மையில் அவர் வந்தது ஞானத்துக்காக அல்ல, மகளுக்காக. மேகலா பௌர்ணமிதோறும் அம்மாவின் பேச்சைக் கேட்க வருவாள். பெண்கள் பக்கம் கடைசித் தூணை ஒட்டி உட்காருவாள். மடியில் ஒரு பையன் இருப்பான். பேரனுடைய பெயர்கூட இவருக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. மேகலா தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட புதிதில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பந்தி நடக்கும்போது மைக்கைப் பிடுங்கி, "எனக்கு மகளே பிறக்கலை" என்று முழங்கியவர் இவர்தான். வாசல்வரை வந்திருந்த மேகலா அப்படியே திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. மாதம் ஒருநாள் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்தார்கள். அதையே அவர் பெரிய கொடுப்பினையாக வைத்துக்கொண்டிருந்தார்.

கடைசித் தூணில் இருந்த ஸ்பீக்கர் சத்தம் ஏறினால் கரகரக்கும். அது மகள் காதில் விழக் கூடாது என்று மாதக்கணக்கில் மெனக்கெட்டு, ஓசையைத் திருத்தும் ஒரு பெட்டி செய்தார். பெட்டி தயாரான பௌர்ணமியன்று, அம்மா பேசி முடித்ததும் மைக்கைத் தன் கையில் வாங்கினார். மகள் பெயரைச் சொல்லி, அந்தப் பந்தியில் தான் செய்ததைச் சொல்லி, கூட்டத்துக்கு நடுவே மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த பௌர்ணமிக்கு மேகலா வரவில்லை. அதற்கு மறுநாள்தான் இந்தப் புகார்.

"ஊரறியத் திட்டினேனுங்க. ஊரறிய மன்னிப்பும் கேட்டுட்டேன். இதுக்கு மேல ஒரு அப்பன் என்னதாம்மா செய்யறது?"

"நல்லாத்தான் பேசினீங்க" என்றார் அம்மா. "மண்டபமே அழுதுது. நானும் அழுதேன்."

"அவ அழுதாளுங்களா?"

"நீங்க பார்க்கலையா?"

பார்க்கவில்லை. 'மகளே' என்று சொன்னபோது அந்தச் சொல் கடைசித் தூணிலிருந்து எத்தனை சுத்தமாக வருகிறது என்பதில்தான் அவர் காது இருந்தது. இப்போது அதை நினைக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"எப்ப எந்திரிச்சுப் போனா, அதாவது தெரியுமா?" என்று கேட்டார் அம்மா.

"தெரியலைங்க."

"பேரைச் சொன்னதும் எல்லாத் தலையும் அவ பக்கம் திரும்புச்சு. பையன் மிரண்டு அழுதான். பக்கத்துல இருந்தவங்க, 'அப்பாவே கேக்கறார்ல, மன்னிச்சிரும்மா'ன்னு அவ கையைப் பிடிச்சு இழுத்தாங்க. உதறிட்டுப் போயிட்டா."

குழந்தைவேலுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப மன்னிப்புக் கேட்டதே தப்புங்களா?"

அம்மா எழுந்து கடைசித் தூணுக்குப் போனார். இவரும் பின்னாலேயே போனார்.

"இந்தப் பெட்டி எப்படி வேலை செய்யுது, சொல்லுங்க."

தெரிந்த சங்கதி என்பதால் அவர் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. "ஸ்பீக்கருக்குள்ள இருக்கற காகிதக் கூம்பு அசைஞ்சாத்தானுங்க ஓசை. சத்தத்தை ஏத்த ஏத்த, சொன்னபடி அசைய அதால முடியறதில்லை. அதுதான் கரகரப்பு. அதுக்குத்தான் கூம்பு முதுகுல ஒரு சென்சார் ஒட்டியிருக்கேன். நாம சொன்னது என்ன, அது அசைஞ்சது என்னன்னு பெட்டி ஒப்பிட்டுப் பார்க்கும். எவ்வளவு பிசகோ, அதுக்கு நேரெதிரா ஒரு திருத்தம் அனுப்பும். பிசகு அமுங்கிரும்."

"திருத்தம் எப்ப போகும்?"

"அப்பவேங்க. கண்ணிமைக்கற நேரம்கூட ஆகக் கூடாது. அதைச் சரிபார்க்கத்தான் இந்தத் திருகு வச்சிருக்கேன். இதைத் திருப்பினா தாமதம் கூடும்."

அம்மா ஸ்விட்சைப் போட்டார். அந்தத் திருகைப் பிடித்து, திருத்தம் தாமதமாகப் போகும்படி திருப்பிவிட்டார்.

மைக் அணைந்துதான் கிடந்தது. ஆனாலும் ஸ்பீக்கர் முனகத் தொடங்கியது. முனகல் ஏறி அலறலாயிற்று. கூரையில் இருந்த புறாக்கள் அடித்துப் புடைத்துப் பறந்தன. சமையல்கட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"கூம்பு கிழிஞ்சுரும்மா!" குழந்தைவேலு பாய்ந்து ஸ்விட்சை அணைத்தார்.

"காகிதத்துக்கு இந்தப் பதறு பதறுறீங்க" என்றார் அம்மா.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"யாருமே பேசலையே. அது என்ன சத்தம்?"

"திருத்தம்தானுங்க." அவர் திருகைத் தொட்டுக் காட்டினார். "அதே திருத்தம்தான். லேட்டா வந்ததால, எப்பவோ நடந்த பிசகுக்கான அடி இப்ப இருக்கற அசைவு மேல விழுது. அதுவே புதுப் பிசகாயிருது. அதைத் திருத்தப் போய் இன்னொண்ணு."

"இனிமே சீக்கிரமா அனுப்பவே முடியாதுன்னு வைங்க. என்ன செய்வீங்க?"

அவர் தாமதத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த இன்னொரு திருகை நன்றாகக் குறைத்தார். பிறகு ஸ்விட்சைப் போட்டார். ஸ்பீக்கர் அலறவில்லை.

"திருத்தத்தோட பலத்தைக் குறைச்சிரணுமுங்க. இந்த அளவுதான் இது தாங்கும்."

அம்மா மைக்கைப் போட்டு, "மேகலா" என்றார்.

பெயர் கரகரவென்று வந்தது.

"கரகரக்குதே?"

"கரகரக்கத்தானுங்க செய்யும்."

ஓடி வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். கடைசித் தூணுக்குப் பக்கத்தில், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், பாய் விரித்தபடியே கிடந்தது.

"அவ இனி வருவாளாம்மா?"

அம்மா மைக்கை அணைத்து வைத்தார்.

"எனக்குத் தெரியாது. வரலைன்னாலும் பலத்தைக் குறைச்ச அந்தத் திருகை மேல ஏத்திராதீங்க."