சீப்பு சின்னத்துக்கு ஒரு ரெக்கார்டிங்

ஊத்துப்பாறைன்னு ஒரு ஊரு. ஆண்டவன் புத்திய பங்கு வெச்ச அன்னிக்கு அந்த ஊருக்காரங்க ரேஷன் கடை வரிசையில நின்னுட்டாங்க போல. அங்க மைக் செட்டு கடை வெச்சிருந்தான் தளவாய். வேலைக்கு ரெண்டு பேரு, இசக்கியும் கொம்பையாவும். மூணு பேருல யாரும் யாருக்கும் சளைச்சவன் இல்ல.

தளவாயோட மச்சான் மாடக்கண்ணு வார்டு எலக்‌ஷன்ல சீப்பு சின்னத்துல நின்னான். தலையில ஒரு முடி கிடையாது, அது கிடக்கட்டும். போன தடவையும் நின்னான், விழுந்த ஓட்டு பூஜ்யம். எதிர்த்து நின்னவரு வீடு தேடி வந்து கும்பிட்டு ஓட்டு கேட்டாராம். இவனும் சரின்னுட்டான். சொன்ன சொல்ல காப்பாத்தணும்லா, போய் அவருக்கே குத்திட்டு வந்துட்டான். எங்கயோ போயிட்டேன் பாருங்க.

அன்னிக்கு பிரச்சாரத்துக்கு கடைசி நாளு, அஞ்சு மணியோட சரி. அதுக்குள்ள ஆட்டோவுல போட தளவாய் விளம்பரம் பேசி ரெக்கார்டு பண்ணியாகணும். "எந் தம்பி தோத்தான்னா நீங்க இந்தப் படி ஏறாதீங்க"ன்னு பொண்டாட்டி பேச்சி காலையிலயே சொல்லிட்டா. பேச்சி சொன்னா செய்யிறவ.

அதுக்குன்னே டவுனு கடையில புதுசா ஒரு பெட்டி வாங்கியாந்திருந்தான். மைக்க அதுல சொருகி, அத கம்ப்யூட்டர்ல சொருகினா குரல் உள்ள போயிரும். புது சாமானுக்கு பொட்டு வெக்காம தொடுவாங்களா. சந்தனம் பூசி, குங்குமம் வெச்சு, கல்யாணப் பொண்ணு மாதிரி ஆக்கிட்டாங்க. நெத்தி மாதிரி இருக்குன்னு, முன்பக்கம் இருந்த சின்ன லைட்டு மேலதான் பெரிய பொட்டு.

சொருகிப் பேசினா ஒண்ணும் ஏறல. கடைக்காரருக்கு போன் போட்டான் தளவாய்.

"அந்தப் பெட்டியத் தவிர மத்த எல்லாத்தையும் கழட்டிட்டுப் பாருங்க அண்ணாச்சி"ன்னாரு அவரு.

மானிட்டர், ஃபேன், பிரிட்ஜ் எல்லாம் கழட்டியாச்சு. கொம்பையா பக்கத்து மாவு மில்லுக்கும் போய் வயரப் பிடுங்கிட்டு வந்தான்.

"கம்ப்யூட்டரையும் கழட்டணுமா அண்ணாச்சி?"ன்னான் இசக்கி.

"பெட்டியத் தவிரன்னாரு. கம்ப்யூட்டரத் தவிரன்னாரா?"

"இல்ல."

"அப்ப கழட்டுல. நம்மளா ஒண்ண விட்டுவெச்சு, நாளைக்கு அவரு கேட்டா என்ன பதில் சொல்லுவ?"

பெட்டி செத்துக் கிடந்துச்சு. மறுபடியும் போன். கடைக்காரரு தலையில அடிச்சுக்கிட்டது இங்க கேட்டுச்சு. "கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் போடுங்க. பெட்டியில பச்சை லைட்டு எரியிற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

போட்டாங்க. லைட்டு எரிஞ்சுது, செக்கச்செவேல்னு. மூணு பேரும் கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு நின்னாங்க. மணி ரெண்டாச்சு, மூணாச்சு. போன் அடிச்சுது.

"எடுக்கவா அண்ணாச்சி?"

"பச்சை எரிஞ்சுதா?"

"இல்ல."

"அப்புறம் என்னல கேள்வி."

போன் அதிர்ந்து அதிர்ந்து மேசையில இருந்து கீழ விழுந்துச்சு. தளவாய் மூக்குல ஒரு ஈ உக்காந்துச்சு, அதையும் அவன் தொடல. கண்ண மூடினா பேச்சி வாசல அடைச்சுக்கிட்டு நிக்கிறா.

ஃபேனத்தான் கழட்டியாச்சே. குனிஞ்சு பாத்த இசக்கி நெத்தியில இருந்து வேர்வை சொட்டுச்சொட்டா பெட்டி மேல விழுந்துச்சு. குங்குமம் கரைஞ்சு வழிஞ்சுது. உள்ள பச்சை.

"பழம் திரும்பக் காயாகணும்னா நேரம் ஆகத்தான செய்யும்"ன்னான் கொம்பையா.

மணி நாலு. மறுபடியும் போன் போட்டப்போ கடைக்காரரு கடைசியா ஒண்ணு சொன்னாரு. "இனி வேலை செய்யும். ரெக்கார்டு பண்றப்போ ரூமுல சின்ன சத்தம்கூட இருக்கக்கூடாது, அதான் முக்கியம்."

மைக் முன்னால போய் வாயத் திறந்த தளவாயப் பிடிச்சு நிறுத்தினான் இசக்கி. "சத்தமே கூடாதுன்னாரு."

"எங் குரலு பெரிய சத்தம்லா. அவரு சின்னதத்தான சொன்னாரு."

"சின்னதே கூடாதுங்கறவரு பெருசுக்கு சம்மதிப்பாரா?"

தளவாய் யோசிச்சான். ஞாயமாத்தான் பட்டுச்சு. எழுதிவெச்ச தாள விரிச்சு, உதடு அசையாம மனசுக்குள்ளயே பத்து நிமிஷம் உருக்கமா படிச்சான். அவனுக்கே கண்ணு கலங்கிருச்சு. போட்டுக் கேட்டாங்க. ஒரு கரகரப்பு இல்ல, ஒரு இரைச்சல் இல்ல.

"காசுக்கேத்த பெட்டி"ன்னான் கொம்பையா.

நாலரைக்கு ஆட்டோ கிளம்பிச்சு, ரெண்டு குழாய் ஸ்பீக்கர்லயும் முழு சவுண்டு வெச்சு. தெருத்தெருவா தளவாய் கும்பிட்டுக்கிட்டே போனான். சனம் வாசலுக்கு வந்து வாயத் திறந்து பாத்துச்சு.

சரியா அஞ்சு மணிக்கு போலீஸ்காரரு கைய நீட்டினாரு. "டைம் முடிஞ்சுது, குழாய நிறுத்துங்க."

தளவாய் மரியாதையா ஸ்விட்ச அணைச்சான். ஆட்டோவையும் நிறுத்தச் சொல்லிட்டு கொஞ்ச நேரம் காதத் தீட்டிக் கேட்டான். இனி பேச்சி மூஞ்சிய தைரியமாப் பாக்கலாம்.

"பாத்தியால இசக்கி, ஊரு எப்படி அடங்கிப் போச்சு. இவ்வளவு நேரமும் நம்ம சத்தம்தான்."