இட்லித்தட்டுக் கியர்

சைக்கிள் ஓட்டத் தெரியாதவரும் இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லலாம். கியரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் போதும். பின்சக்கரத்தின் பல்சக்கரம் சிறியதாக இருந்தால் மிதி கனக்கும், வண்டி வேகமாகப் போகும். பெரியதாக இருந்தால் மிதி இலகு, வண்டி மெதுவாக ஏறும். மேட்டில் ஏறினால்தான் இன்னொன்று தெரியவரும். கனத்த மிதியில் மெதுவாகப் போகவே முடியாது. வேகம் குறைந்தால் வண்டி நின்றுவிடும். செங்குத்தான இடத்தில் நின்ற வண்டியை மறுபடி மிதித்துக் கிளப்பவும் முடியாது.

மேட்டுப்பாளையத்தில் சவரிமுத்து, பொன்னுரங்கம் என்று இரண்டு பேர். இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். சவரிமுத்துவுக்கு மனைவி இல்லை. மகள் பெங்களூரில். வாரம் முழுக்க அவர் வாய் திறப்பது பால்காரரிடம் மட்டும். பொன்னுரங்கம் கல்யாணமே செய்துகொள்ளாதவர். கூடப் பிறந்தவர்களோடும் பேச்சு இல்லை. இருவரும் ஷாஜகான் கடையில் ஒரே மாதிரி ரேஸ் சைக்கிள் வாங்கினார்கள். கியரும் ஒரே மாதிரி, ஓட்டும்போது மாற்ற முடியாத ஒற்றைக் கியர், கனமானது. ஞாயிறு தோறும் கோத்தகிரி மலைச் சாலையில் ஏறினார்கள். ஒரே கியர் என்பதால் ஒரே வேகம். ஒரே வேகம் என்பதால் வழி முழுக்கப் பேச்சு.

அந்தச் சாலையில் யானை குறுக்கிடும். அதனால் முதல் வாரமே பேசி வைத்துக்கொண்டார்கள்: ஒருவரை விட்டுவிட்டு ஒருவர் போகக் கூடாது. யாருக்காவது செயின் கழன்று பின்தங்கினால், முன்னால் போனவர் பேருந்து திரும்புகிற சமதளத்தில் நிற்க வேண்டும். அப்படிப் பலமுறை நின்றும் இருக்கிறார்கள்.

ஒருநாள் கடையில் யாருக்கோ பெரிய பல்சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார் ஷாஜகான். பொன்னுரங்கம் அதைப் பார்த்துவிட்டு, "இதென்னுங்க பாய், இட்லித்தட்டாட்டம் இருக்குது? இதை மாட்டிக்கிட்டு ஏறுறதுக்கு வண்டியை வீட்டுல வச்சுட்டு நடந்தே போயிரலாமே," என்றார். கூட நின்ற சவரிமுத்துவும் சிரித்தார்.

அவருக்கு அப்போதே வலது முட்டி வலிக்கத் தொடங்கியிருந்தது. வெளியே சொல்லவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் மாடிப்படி ஏறுவதே பெரும்பாடாகிவிட்டது. இந்தக் கியரோடு இனி மிதித்தால் முட்டி போய்விடும் என்றார் மருத்துவர். முட்டி போனால் ஞாயிற்றுக்கிழமையும் போச்சு. சவரிமுத்து யாருக்கும் தெரியாமல் கடைக்குப் போய் இட்லித்தட்டை மாட்டிக்கொண்டார்.

"அவருகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார் ஷாஜகான்.

"நீங்களும் சொல்லிராதீங்க பாய்."

அந்த ஞாயிறு விடியலில் சவரிமுத்து வழக்கத்துக்கு மாறாகப் பின்னாலேயே வந்தார். மேடு தொடங்கியது. அவர் முட்டி வலிக்கவே இல்லை. ஆனால் பொன்னுரங்கத்தின் முதுகு தள்ளித் தள்ளிப் போனது. பொன்னுரங்கம் திரும்பிப் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார். வண்டி தள்ளாடியது. மறுபடி அழுத்தி மிதித்தார். ஒரு வளைவு தாண்டியதும் அவர் கண்ணில் படவில்லை.

சவரிமுத்து தனியாக ஏறினார். மூங்கில் முறியும் சத்தம் கேட்டபோதெல்லாம் யானையோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். பொன்னுரங்கம் மேலே சமதளத்தில் நின்றுகொண்டு, தான் வருவதையும் தன் பின்சக்கரத்தையும் பார்க்கப் போவதை நினைத்தார். வண்டியைத் திருப்பிக் கீழே இறங்கிவிட்டார்.

பொன்னுரங்கம் சமதளத்தில்தான் நின்றார். வெயில் ஏறும்வரை நின்றார். கீழிருந்து வந்த பேருந்தை மறித்து விசாரித்தார்.

"சைக்கிள்காரருங்களா? அவரு இறக்கத்துல ஜம்முனு போயிட்டிருக்காருங்க," என்றார் ஓட்டுநர்.

பொன்னுரங்கம் அதற்கு மேல் தனியாக ஏறினார்.

மறுநாள் கடையில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். சவரிமுத்து வண்டியின் இட்லித்தட்டு பொன்னுரங்கம் கண்ணில் பட்டது.

"என்னை யானைக்கு விட்டுட்டுப் போனவரு நீங்க," என்றார் சவரிமுத்து.

"உங்களுக்காக நின்னவனும் நாந்தானுங்க. எனக்குத் தெரியாம கியரை மாத்துனது யாரு?"

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிச்சா என்ன, பல்லா கொட்டிப் போகும்?"

"நான் ஒரு கேனையன், ரெண்டு பேருக்கும் வண்டி வித்தேன் பாருங்க," என்றார் ஷாஜகான். அவர்கள் சிரிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

முன்னால் போனவர் பொன்னுரங்கம். கியரை மறைத்துத் திரும்பி வந்தவர் சவரிமுத்து. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவர் ஷாஜகான். இதில் வாக்கை மீறியவர் யார்?

விடை: ஷாஜகான் வாக்குக் கொடுத்தவரே இல்லை. அவரை விட்டுவிடலாம். பொன்னுரங்கம் முன்னால் போனது அவர் வண்டியின் குணம். மெதுவாகப் போக முயன்றும் முடியவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நின்றார். இட்லித்தட்டைக் கேலி பேசியது தப்பு. ஆனால் கேலி பேசக் கூடாது என்று அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. கியரை மறைத்ததும் அப்படித்தான், வருத்தப்படலாம், வாக்கு மீறல் என்று சொல்ல முடியாது. வாக்கு முறிந்தது வண்டியைத் திருப்பிய இடத்தில். எவ்வளவு மேடானாலும் ஏறக்கூடிய கியர் சவரிமுத்துவிடம்தான் இருந்தது. முட்டியும் வலிக்கவில்லை, ஆள் எங்கே நிற்பார் என்றும் தெரியும். ஆகவே மீறியவர் சவரிமுத்து. முதலில் வந்து பேச வேண்டியவரும் அவர்தான். அவர் வரவில்லை. பொன்னுரங்கம் ஞாயிறு தோறும் அதே கியரில் ஏறிக்கொண்டிருக்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வேறு யாரும் இல்லை.