பண்டிதர் காவலில் வந்த முட்டை

வெள்ளிமடை ராஜா வீரகேசரிக்கு யானை, குதிரை மேலெல்லாம் பெரிய ஆசை கிடையாது. கோழி என்றால் மட்டும் சோறு தண்ணீர் மறந்துவிடுவார். அது தெரிந்துதான் பக்கத்து நாட்டு ராஜா சாம்பல் நிறத்தில் ஒரு இளங்கோழியை அனுப்பி வைத்தார். என்ன இனம் என்று சொல்லி அனுப்பவில்லை.

அரண்மனைப் பட்சி பண்டிதர் தில்லைநாயகம் ஏட்டைப் பிரித்தார். இறகைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கண்ணை மூடி யோசித்தார்.

"உயர்ந்த இனத்துப் பெட்டை, மகாராஜா. ஆறாம் மாதம் முதல் முட்டை இடும். அதைச் சாப்பிடுகிறவருக்கு ஆயுசு நூறு."

நூறு என்றதும் ராஜா வெள்ளியில் கூண்டு செய்யச் சொன்னார். உட்கார்ந்து முட்டையிடுகிற கோழிக்கு உயரம் எதற்கு என்று பண்டிதர் சொல்ல, கூண்டு பெட்டி மாதிரி தாழ்வாக அமைந்தது.

ஆறாம் மாதம் போனது. ஏழாம் மாதமும் போனது. ராஜா தினமும் வைக்கோலைக் கிளறிப் பார்த்து முகம் வாடித் திரும்பினார். பண்டிதர் ராஜாவிடம் ஓடினார். "கோழி இடத்தான் செய்கிறது. தீனி போடுகிற மாரக்காள் திருடித் தின்கிறாள்" என்று பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டார்.

"உண்மையென்றால் அவளை நாடு கடத்துவேன்" என்றார் ராஜா.

மாரக்காள் விகடகவி பிச்சாண்டியிடம் ஓடினாள்.

"சாமி, நான் புள்ளகுட்டிக்காரி, எங்க போவேன்? அது பெட்டையே இல்ல, பெட்டைமாரி. பெட்டை மாதிரி இறகு வச்ச சேவல். எங்கய்யா வீட்டுல ஒண்ணு கெடந்துச்சு. சொன்னா, ஏட்டுல இல்லன்னு பண்டிதரு அடிக்க வாராரு."

"சேவல் என்றால் கூவுமே?"

"கழுத்த நீட்டாம எப்படிக் கூவும்? அந்தக் கூண்டுல குனிஞ்சேல்ல நிக்குது, பாவம்."

பிச்சாண்டி வெற்றிலையை மென்றபடி சிரித்தான். நேரே சபைக்குப் போனான்.

"மகாராஜா, பண்டிதரையும் கோழியையும் ஓர் அறையில் விட்டு, சாவியையும் அவரிடமே கொடுங்கள். மூன்று நாள் வேறு யாரும் நுழையக் கூடாது. முட்டை வந்தால் மாரக்காள் திருடிதான்."

மாரக்காளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பண்டிதருக்கோ மனசு குளிர்ந்துபோனது.

நான்காம் நாள் காலை பண்டிதர் சபைக்கு வந்தார். கையில் பொன்தட்டு. தட்டில் முட்டை. பின்னால் கூண்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு காவலர்கள்.

"மாரக்காள், மூட்டையைக் கட்டு" என்றார் ராஜா. அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பார்த்தவர்களுக்கே மனசு கேட்கவில்லை.

பிச்சாண்டி எழுந்தான். "பண்டிதரே, மூன்று நாளும் வேறு யாரும் உள்ளே வரவில்லையே?"

"ஈ காக்கை வரவில்லை. சத்தியம்."

"கேட்டுக்கொள்ளுங்கள், மகாராஜா. சரி, முட்டையிட்டுக் களைத்த தாய், கொஞ்சம் காற்று வாங்கட்டும்." கூண்டின் மூடியைத் திறந்துவிட்டான்.

கோழி வெளியே வந்து உடம்பை உதறியது. ஒரே தாவில் சிம்மாசனத்துக் கைப்பிடியில் ஏறியது. இத்தனை நாள் குனிந்த கழுத்தை மெல்ல நீட்டி, இறக்கையைப் படபடவென்று அடித்து, ராஜாவின் காதோரமே கூவியது.

"கொக்கரக்கோ!"

ராஜா முட்டையைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார்.

"பிச்சாண்டி, இது சேவலா?"

"சேவல்தான், மகாராஜா. மாரக்காள் அப்போதே சொன்னாள்."

"அப்படியானால் இந்த முட்டையை இட்டது யார்?"

"உள்ளே இருந்தது இரண்டே பேர். சேவல் முட்டையிடாது. மிச்சம் இருக்கிறவரைத்தான் கேட்க வேண்டும்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. கழுத்து முத்துமாலை பிச்சாண்டிக்குப் போனது. அரண்மனைக் கோழிக்கொட்டில் முழுவதும் மாரக்காளின் பொறுப்புக்கு வந்தது. நழுவப் பார்த்த பண்டிதரை ராஜா கைதட்டிக் கூப்பிட்டார்.

"எங்கே போகிறீர், பண்டிதரே? கூண்டு காலியாகத்தான் இருக்கிறது. உள்ளே போய் உட்காரும். நாளைக்கும் எனக்கு ஒரு முட்டை வேண்டும்."