கடைசிக் கால் சுற்று

“நான் எப்போதான் நிஜத் துப்பாக்கியில கை வைக்கிறது மாஸ்டர்?”

குணபாலன் கேட்டார். கேட்டவருக்கு வயது ஐம்பது. பதில் சொல்ல வேண்டியவளுக்கு முப்பத்திரண்டு.

இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றவர் அவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் துப்பாக்கியைக் கழற்றி மறுபடி பூட்டிவிடுவார். ஆனால் அதன் மரக்கட்டையில் ஒரு துளை போடத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் மலையடிவாரத்தில் இருந்த சலோமியின் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடைக்கு வந்தார்.

தன்னைவிட இத்தனை சின்னவளை என்னவென்று கூப்பிடுவது? முதல் நாள் தடுமாறினார். மறுநாள் அவள் வேலையைப் பார்த்தபின் ‘மாஸ்டர்’ என்று வாயில் தானாக வந்தது. அவள் அவரை ‘அண்ணே’ என்றாள்.

ஐந்து மாதம் ஆகிவிட்டது. அவள் கொடுத்ததெல்லாம் கழிவுப் பலகைகள்தான். துளை போடு, திருகாணி ஏற்று, கழற்று, மறுபடி போடு.

சலோமி அவருடைய பலகையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“எத்தனை துளை அண்ணே?”

“முப்பத்தெட்டு.”

“தப்பாப் போனது?”

“ஒண்ணுகூட இல்ல மாஸ்டர்.”

“அதான்” என்றாள். பலகையைக் கீழே வைத்தாள்.

குணபாலனுக்கு முகம் சிவந்தது. இது என்ன பதில்? மேலே கேட்கலாம் என்று வாயெடுத்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது.



இறங்கியவர் வனத்துறைக் கால்நடை மருத்துவர் நம்பிராஜன். கையில் மயக்க ஊசி போடும் துப்பாக்கி.

“ஒரு பெண் யானை. முன்னங்கால்ல சுருக்குக் கம்பி மாட்டி மூணு நாளாச்சு. எலும்புவரை அறுத்திருக்கு. கூட பால் குடிக்கிற குட்டி.”

“துப்பாக்கிக்கு என்ன?” என்றாள் சலோமி.

“காலையில ஏறும்போது தோள்வார் மாட்டுற பின்பக்க வளையம் பிஞ்சு போச்சு. துப்பாக்கி பாறையில விழுந்துது. இப்போ வால்வுல காற்றும் கசியுது.”

“எவ்வளவு நேரம் இருக்கு?”

“ஒரு மணி நேரம். அது மறுபக்கம் இறங்கி ஆத்தைத் தாண்டிட்டா அப்புறம் உயிரோட பார்க்க முடியாது.”

“தோள்வார் இல்லாம கையில தூக்கிட்டுப் போக முடியாதா?”

“செங்குத்துப் பாறைங்க. வேரைப் பிடிச்சுத்தான் ஏறணும். எனக்கு ரெண்டு கையும் வேணும்.”

சலோமி துப்பாக்கியை வாங்கினாள். நான்கே திருகில் குழாயும் கட்டையும் தனித்தனியாக வந்தன. குழாயைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். கட்டையைக் குணபாலன் முன்னால் நகர்த்தினாள்.

“வால்வு என்னுது. வளையம் உங்களுது.”

குணபாலன் அவளைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே வால்வின் மேல் குனிந்துவிட்டிருந்தாள்.



பழைய துளை கிழிந்து வாய் பிளந்திருந்தது. அதை அடைத்துப் பசை காய ஒரு முழு நாள் வேண்டும். ஓர் அங்குலம் முன்னால் தள்ளிப் புது மரத்தில்தான் போட வேண்டும்.

கட்டையின் நடுக்கோட்டைப் பென்சிலால் இழுத்தார். இரண்டு முறை அளந்தார். துளை எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு அடையாளமாக டிரில் கம்பியைச் சுற்றி டேப் ஒட்டினார். மரத்தூள் சுருள் சுருளாக வந்தது. துளை நேராக இறங்கியது.

வளையம் தாங்கும் திருகாணியில் மெழுகைத் தேய்த்தார். அதன் தலையில் ஒரு கண் இருக்கும். தோள்வாரின் வளையம் மாட்டுவது அந்தக் கண்ணில்தான். கண்ணுக்குள் ஒரு கம்பியை நுழைத்துப் பிடியாக வைத்துக்கொண்டு திருகினார். அரைச் சுற்று முன்னால், கொஞ்சம் பின்னால். அரைச் சுற்று முன்னால், கொஞ்சம் பின்னால்.

மரம் மறுக்காமல் வாங்கிக்கொண்டது. கண்ணுக்குக் கீழே இருந்த விளிம்பு கட்டையில் வந்து உட்கார்ந்தது.

ஆனால் கண் கோணலாக நின்றது.

அது கட்டைக்குக் குறுக்கே நிற்க வேண்டும். இல்லையென்றால் வளையம் திரும்பாது, வார் முறுக்கிக்கொள்ளும். இன்னும் கால் சுற்று பாக்கி.

என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆணியை முழுதாக வெளியே எடுக்க வேண்டும். துளையின் வாயில் கடுகளவு மரத்தைச் சுரண்ட வேண்டும். மறுபடி ஏற்ற வேண்டும். பத்து நிமிஷ வேலை.

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது.

“முடிஞ்சுதாங்க?” மருத்துவரின் குரல்.

குணபாலன் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை அழுத்தினார். கண் குறுக்கே வந்து நின்றது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. நெல்லை நகத்தால் உரித்தால் வருமே, அவ்வளவுதான்.

குனிந்து பார்த்தார். ஆணியிலிருந்து மரத்தின் வரி ஓடும் திசையில் தலைமயிர்போல ஒரு கோடு.

விரலில் எண்ணெய் தொட்டுத் தடவினார். கோடு மறைந்தது.

சலோமி வால்வை முடித்துவிட்டு வந்தாள். குழாயைக் கட்டையில் பூட்டினாள். தோள்வாரை மாட்டி இரண்டு முறை பலமாக இழுத்தாள். தாங்கியது.

“கொடுக்கலாமா அண்ணே?”

இந்த ஒரு வார்த்தையை அவள் இதுவரை அவரிடம் கேட்டதில்லை.

“கொடுக்கலாம் மாஸ்டர்.”

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.



மரத்தூளைக் கூட்டி அள்ளினார் குணபாலன். பாதியில் கை நின்றது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். மறுபடி எடுத்தார். மறுபடி சாய்த்தார்.

“மாஸ்டர்.”

“ம்.”

“மரம் விரிஞ்சிருக்கு. கடைசியில கால் சுற்று வம்படியா முறுக்கிட்டேன். எண்ணெய் தடவி மறைச்சுட்டேன்.”

சலோமியின் முகத்தில் ரத்தம் வற்றியது. போனை எடுத்து மருத்துவரைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. மறுபடி கூப்பிட்டாள். அதே பதில்.

போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றார் குணபாலன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

“என்கிட்ட ஏன் சொல்றீங்க?” என்றாள். “அதைத் தோள்ல மாட்டியிருக்கறது நானா?”

மோட்டார் சைக்கிள் சாவி மேஜைமேல் வந்து விழுந்தது.



ஜீப்பின் சக்கரத் தடத்தைப் பிடித்துப் பதினோரு கிலோமீட்டர். கடைசி மூன்று கிலோமீட்டர் வெறும் கல்.

ஜீப் காலியாக நின்றது. ஈரமண்ணில் காலடித் தடங்கள். குணபாலன் ஓடினார். முழங்கால் வலித்தது. ஓடினார்.

பாறை வந்தது.

மருத்துவர் ஏற ஆரம்பித்துவிட்டிருந்தார். இரண்டு ஆள் உயரத்தில் வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அடுத்த காலுக்கு இடம் தேடினார். முதுகில் துப்பாக்கி. அவர் உடம்பை அசைக்கும்போதெல்லாம் அது ஆடியது. அதற்கும் மேலே, பாறை விளிம்பில், தடம் பார்க்கும் கேத்தன் படுத்திருந்தான்.

கத்தக் கூடாது. யானை மேலே நிற்கிறது.

துப்பாக்கிக்குள் மருந்தேற்றிய ஊசி இருக்கும். ஒரு யானையைச் சாய்க்கிற மருந்து. அது இப்போது தெறித்து விழுந்தால்?

குணபாலன் செருப்பை உதறினார். ஏறினார். வேர் கையில் அறுத்தது. கையெட்டும் தூரம் வந்ததும் மருத்துவரின் கணுக்காலைப் பிடித்தார்.

மருத்துவர் அப்படியே உறைந்தார். மெல்லக் கீழே பார்த்தார்.

இறங்குங்கள் என்று குணபாலன் கண்ணாலேயே கெஞ்சினார்.

இறங்கினார்கள். மருத்துவர் துப்பாக்கியைத் தோளிலிருந்து கழற்றி ஊசியை வெளியே எடுக்கும்வரை குணபாலன் மூச்சுவிடவில்லை.

“என்ன?” மருத்துவரின் குரல் காற்றுபோல வந்தது.

“வாரை வெடுக்குனு இழுங்க.”

மருத்துவர் கட்டையைத் தொடையில் அணைத்துக்கொண்டு இழுத்தார்.

வார் கையோடு வந்தது. வாரின் நுனியில் வளையம். வளையத்தில் ஆணி. ஆணியைச் சுற்றி விரல் நீளத்துக்கு ஒரு மரச்சில்லு.

மருத்துவர் அதைப் பார்த்தார். பிறகு தான் தொங்கிக்கொண்டிருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தார்.

“யார் போட்டது?”

“நான்.”

“தெரிஞ்சுக்கிட்டேவா கொடுத்தீங்க?”

“தெரிஞ்சேதான்.”

மேலே கேத்தன் கையை அசைத்தான். யானை நகர ஆரம்பித்துவிட்டது.

மருத்துவர் துப்பாக்கியைக் குணபாலனின் நெஞ்சோடு சேர்த்து அழுத்தினார்.

“தூக்கிட்டு வாங்க. என் பின்னாலேயே வாங்க. ஒரு கை தூரம்கூடத் தள்ளக் கூடாது.”



ஒரு கையில் துப்பாக்கி. மற்றொரு கையில் வேர். வேர் கிடைக்காத இடத்தில் முழங்கை. முழங்கையும் பதியாத இடத்தில் தாடை. எப்படி ஏறினார் என்று பிற்பாடு யோசித்தபோது அவருக்கே விளங்கவில்லை.

விளிம்பைத் தாண்டினார்கள்.

நாற்பதடி தூரத்தில் யானை. முன்னங்கால் வீங்கி உரல்போல இருந்தது. வயிற்றடியில் குட்டி.

காற்று திரும்பியது.

ஆடிக்கொண்டிருந்த காதுகள் நின்றன. யானை மெல்ல அவர்கள் பக்கம் திரும்பியது. ஓர் அடி வைத்தது. வலி தாங்காமல் நின்றது. இன்னோர் அடி வைத்தது.

மருத்துவர் அதன் கண்ணிலிருந்து தன் கண்ணை எடுக்கவில்லை. ஊசி அவருடைய வலக்கையில் தயாராக இருந்தது. திரும்பிப் பார்க்காமல் இடக்கையைப் பின்னால் நீட்டினார்.

அந்தக் கையில் உடனே துப்பாக்கி இருந்தது. ஊசியை ஏற்றிக் குறிவைத்தார்.

புட்டி மூடி திறந்ததுபோல ஒரு சத்தம். யானையின் தோளில் ஊசியின் சிவப்புக் குஞ்சம் ஆடியது. அது பிளிறிக்கொண்டு பத்தடி ஓடிவந்தது. நின்றது. தள்ளாடியது. யாரும் அசையவில்லை.

பத்து நிமிஷம் கழித்து அது பக்கவாட்டில் சாய்ந்தது.

கேத்தன் குட்டியை விலக்கிப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் கம்பியை வெட்டினார். குணபாலன் அந்தப் பெரிய காலைத் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பி சதையிலிருந்து வந்தபோது யானை தூக்கத்திலேயே ஒரு பெருமூச்சு விட்டது. அந்தச் சூடு அவர் முகத்தில் அடித்தது.

மாற்று மருந்து போட்டபின் அது எழுந்தது. குட்டியைத் துதிக்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தது. நொண்டியபடி மரங்களுக்குள் போனது.

இறங்கும்போது மருத்துவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். “பார்த்து” என்றார்.



கடைக்குத் திரும்பியபோது மணி நான்கு. சலோமி வாசலிலேயே நின்றிருந்தாள். அவருடைய சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

“டாக்டர்?”

“நல்லா இருக்கார்.”

“யானை?”

“போயிடுச்சு. குட்டியோட.”

அவள் உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

பையிலிருந்து மரச்சில்லோடு ஆணியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மோட்டார் சைக்கிள் சாவியையும் வைத்தார்.

“நாளையிலேருந்து நான் வரல மாஸ்டர். இந்த வேலைக்கு நான் ஆகமாட்டேன்.”

சலோமி ஆணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். விரிந்த இடத்தை விரலால் தடவினாள். எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்தாள். ஓர் எஸ்டேட்டிலிருந்து வந்திருந்த இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்து வந்து அவர் முன்னால் படுக்க வைத்தாள்.

“இதுக்கு ரெண்டு பக்கமும் வளையம் போடணும்.”

குணபாலன் பின்னால் நகர்ந்தார். “என்கிட்டயா? இன்னிக்கு நடந்ததுக்கு அப்புறமா?”

“வேற யார்கிட்ட கொடுக்கச் சொல்றீங்க?” என்றாள் சலோமி. “மரம் விரியற சத்தம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்க இந்தக் கடையில ரெண்டே பேர்தான் அண்ணே.”