சூளைக்குக் கேட்ட மணி

நெடும்படுகை ஊராட்சித் தலைவர் வைரக்கண்ணுவுக்குக் கோபம் வந்தால் நேரே மடத்துக்கு வந்துவிடுவார். ஆற்றோரத்து மேட்டில் இருந்தது அந்த மடம். அதை நடத்திவந்த தில்லையம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அந்த அம்மையைத்தான் வைரக்கண்ணு குருவாக ஏற்றிருந்தார்.

அன்றும் கோபத்தோடுதான் வந்தார். அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அரசாங்கம் புதுசா ஒரு சட்டம் போட்டிருக்கும்மா. ஆத்தோரத்து ஊராட்சி எல்லாம் முன்கூட்டியே வெள்ளத்துக்குத் தயாரா இருக்கணுமாம். எல்லைக்குள்ள யார் தங்கியிருந்தாலும் தேடிப்போய், தண்ணி வந்தா எங்க ஓடணும்னு வருஷா வருஷம் சொல்லிவைக்கணுமாம். செய்யலேன்னா தலைவர் பதில் சொல்லணுமாம்.”

“நல்லதுதானே?”

“ஆத்தங்கரையில பொறந்தவனுக்கு ஆத்தைப் பத்திப் பாடமா? போன ஆவணியில மேக்கே பேய்மழை பெஞ்சு தண்ணி வந்தப்ப எந்தச் சட்டம் இருந்துச்சு? நானே கோயில் மணியை அடிச்சேன். உள்ளங்கைத் தோல் உரிஞ்சுபோச்சு. சனங்க ஒருத்தரை ஒருத்தர் தூக்கிக்கிட்டு இந்த மேட்டுக்கு வந்து சேர்ந்தாங்க. நீங்கதான் கஞ்சி காய்ச்சி ஊத்துனீங்க. ஒரு உயிர் போகலை. மனசுல பாசம் இருக்கறவங்களுக்குச் சட்டம் எதுக்கும்மா?”

அம்மை கீரையை முறத்தோடு ஒதுக்கி வைத்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“ஒரு வாய் டீ குடிச்சிட்டு வரலாம், வாங்க.”

டீக்கடைக்குத்தான் என்று வைரக்கண்ணு நினைத்தார். அம்மை கடைத்தெருவைத் தாண்டினார். ஊரின் கடைசி வீட்டையும் தாண்டிப் படுகைக்குள் இறங்கினார். அங்கே ஒரு செங்கல் சூளை. வட மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அதை ஒட்டிக் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். ஊராட்சி எல்லைக்குள்தான் இருந்தது சூளை. வைரக்கண்ணு அந்த வழியாகப் பலமுறை மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறார். நின்றதில்லை.

ஏழுமலை என்பவர் மண் பிசைந்த கையைக் கழுவிவிட்டு வந்தார். கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டார். டீ போடுவதற்கு அவரே அடுப்பைப் பற்றவைத்தார்.

“ஏழுமலை, வெள்ளம் வந்த அன்னிக்கு நடந்ததைத் தலைவர்கிட்ட சொல்லுங்க,” என்றார் அம்மை.

அவர் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார். குரலில் குறை எதுவும் இல்லை.

“சாயங்காலம் மணி அடிச்சுதுங்க. விடாம அடிச்சுது. எங்க ஊர்ல பூசைக்குத்தான் மணி அடிப்பாங்க. இங்கயும் ஏதோ விசேஷம்னு நெனச்சோம். பச்சையம்மா, என் சம்சாரம், சோறு வடிச்சிட்டிருந்தா. கோயில் இருக்கிற பக்கம் திரும்பிக் கன்னத்துல போட்டுக்கிட்டா. கொஞ்ச நேரத்துல கரை ஒடைஞ்சிச்சு. நான் சூளை மேல ஏறிட்டேன். அவளுக்குக் கை எட்டல.”

வைரக்கண்ணு டம்ளரை வாங்கினார்; குடிக்கவில்லை. அடுத்த ஊராட்சியில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியதாக அப்போது அவர் காதில் விழுந்திருந்தது. யாரோ வெளியூர் ஆள் என்றார்கள். நல்லவேளை, நம் ஊரில் சேதமில்லை என்று அன்று அவர் நிம்மதியும் பட்டார்.

“எனக்குத் தெரியாதுப்பா,” என்றார்.

“உங்களை என்னங்க சொல்றது? மணி அடிச்சது நீங்கதான்னு அப்புறமா சொன்னாங்க. நல்லாவே கேட்டுதுங்க.”

டீ ஆறிப்போயிருந்தது. வைரக்கண்ணு அதை மிச்சம் வைக்காமல் குடித்தார். பிறகு எழுந்து ஒவ்வொரு குடிசையாகப் போனார். இருந்தவர்களை எல்லாம் வெளியே கூப்பிட்டு, மடத்து மேட்டைக் கைகாட்டினார்.

“மணி விடாம அடிச்சா அது பூசை இல்ல. எதையும் எடுக்க நிக்காதீங்க. அங்க ஓடி வந்துடுங்க.”

இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்: “எங்களை உள்ள விடுவாங்களாங்க?”

வைரக்கண்ணு அம்மையைத் திரும்பிப் பார்த்தார்.

“விடுவாங்கம்மா.”

இருவரும் கடைத்தெரு வழியாகத் திரும்பினார்கள். வணக்கம் வைத்தவர்களை அவர் கவனிக்கவில்லை. மடத்துப் படிக்கு வந்ததும் சொன்னார்:

“இனிமே மறக்க மாட்டேம்மா. வருஷா வருஷம் நானே சூளைக்குப் போய்ச் சொல்லிடறேன். இதுக்கு என்னை யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம்.”

“நீங்க சொல்லிடுவீங்க தலைவரே,” என்றார் அம்மை. “உங்களுக்கு அப்புறம் வர்ற தலைவர் ஏழுமலை கையால டீ குடிச்சிருக்க மாட்டாரே.”