கருவாயனுக்குப் பார்த்த வைத்தியம்

எங்கள் ஊர் ஓணாங்குட்டையில் சடையப்பன், வீரணன், நல்லமுத்து என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூன்று பேரிடமும் சேர்த்துத் தேடினால் ஓர் ஆளுக்கான புத்தி தேறும் என்பார்கள். நான் தேடியிருக்கிறேன். தேறாது.

அவர்கள் வளர்க்கும் நாய் கருவாயன் ஓயாமல் சொறிந்து, வாலடியில் முடியெல்லாம் உதிர்ந்துவிட்டது. பஞ்சாயத்துத் தலைவரம்மா பார்த்துவிட்டு, "அமாவாசை வரைக்கும்தான் பொறுப்பேன். அதுக்கு மேல சொறியிற எதுவும் ஊருக்குள்ள இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

அன்று மூன்று பேரும் சாப்பிடவில்லை. நாய் மேல் அவ்வளவு பிரியம். என் வேலியைப் பிய்த்துத்தான் அதற்குக் கூடு கட்டினார்கள், அது கிடக்கட்டும்.

மாட்டு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர் பார்த்துவிட்டு, "இது ஒவ்வாமை. கோழி, முட்டை, பால் மூணையும் நிறுத்துங்க. அப்புறம் ஒவ்வொண்ணா, எதைத் தின்னா சொறிச்சல் வருதுன்னு பாருங்க. படுக்கிற சாக்கை மாத்துங்க. சொறிஞ்சா, வாய் வச்சுக் கடிக்காம இருக்கக் கழுத்துல வளையம் மாட்டுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து யோசனை நடந்தது.

"தின்னு பாக்கணும்னாரு. யாரு திங்கிறதுன்னு சொல்லலையே" என்றான் வீரணன்.

"கருவாயன் தின்னு, சொறிஞ்சு வச்சா ஊரை விட்டுப் போகணும்டா. நாமதான் திங்கணும்" என்றான் சடையப்பன்.

"அதுவும் சரிதாண்ணே. வாயில்லாச் சீவன். நமக்குச் சொறிஞ்சா வாய்விட்டுச் சொல்லலாம்" என்றான் நல்லமுத்து.

மூத்தவன் என்ற பொறுப்பில் சடையப்பன் கோழியை எடுத்துக்கொண்டான். வீரணனுக்கு முட்டை. கடைசித் தம்பி நல்லமுத்துவுக்குப் பால். நாய்க்கு வெறும் சோறும் பூசணிக்காயும்.

சாக்கையும் மாற்றினார்கள். நல்லமுத்துவின் பாய் நாய்க்கு, நாயின் சாக்கு நல்லமுத்துவுக்கு.

சாக்கு நிறையத் தெள்ளுப்பூச்சி. மூன்றாம் நாளே நல்லமுத்து உடம்பைப் பிறாண்ட ஆரம்பித்தான்.

"பால்தான்டா" என்றான் சடையப்பன், கோழிக்காலைக் கடித்தபடி. "கண்டுபிடிச்சாச்சு. வளையத்தைக் கொண்டா."

வளையத்துக்கு என் வீட்டு வாளி போயிற்று. கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்திருந்த புது வாளி. அடியை அறுத்து நல்லமுத்துவின் கழுத்தில் மாட்டினார்கள். அவன் கைகள் வெளியேதான் இருந்தன, நிம்மதியாகச் சொறிந்தான்.

கோழியும் முட்டையும் பாலும் நின்று, சாக்கும் மாறியதில் நாய்க்கு அரிப்பு நின்றது, முடியும் முளைத்தது. "தம்பிக்கு மாட்டினதுல கருவாயனுக்குக் கேட்டிருச்சு" என்று அண்ணன்கள் தெருவெல்லாம் சொன்னார்கள்.

அமாவாசையன்று தலைவரம்மா வந்தார். நாய் வாலாட்டியது. நல்லமுத்து வாளிக்குள் கையை விட்டுக் கழுத்தைச் சொறிந்தான்.

"நாய் தேறிடுச்சே. இருக்கட்டும்" என்று அவர் போய்விட்டார்.

சடையப்பன் முகம் வாடியது. "சொறியிற எதுவும் இருக்கக் கூடாதுன்னாங்களே. இவன் சொறியிறானே."

"சொல்லு சொல்லுதாண்ணே" என்று நல்லமுத்துவே சாக்கைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஊர் எல்லை என் பம்புசெட்டோடு முடிகிறது. அதற்கு ஓரடி அப்பால் சாக்கை விரித்துப் படுத்திருக்கிறான். அண்ணன்கள் வேளை தவறாமல் பால் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கருவாயன் அவனுக்குக் காவல்.

நேற்றுப் போய், "என் வாளியைக் கழற்றுடா" என்றேன்.

"கேக்காதீங்க மாமா" என்றான், கும்பிட்டபடி. "கழட்டினா கருவாயனுக்கு மறுபடி வந்திரும்."