கெண்டைக்காகச் சேம்பு விழுங்கியது

சேப்பங்கிழங்கைப் பிடுங்கி, மண்ணைத் தட்டிவிட்டுப் பச்சையாகவே கடித்துத் தின்ற அந்தக் காலத்தில் மீனும் பேசும், செடியும் பேசும், ஆறும் பேசும். மனிதர்களும் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வேலாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். சுத்தக்காரி என்றால் அப்படியொரு சுத்தக்காரி. அவள் புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். தன் வீட்டுக் கூரையில் உட்காரும் காக்கைகூடக் காலைத் துடைத்துக்கொண்டுதான் உட்காரும் என்று அவள் புருஷன் காரியப்பன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆறு வற்றி, கடைசி மடுவும் ஒரு தாம்பாளம் அளவுக்குச் சுருங்கியது. தண்ணீர் எடுக்கப் போன வேலாத்தாளிடம் ஆறு வாய்விட்டுக் கேட்டது.

"அம்மிணி, எங்கிட்ட மிச்சம் இருக்கறது இந்த ஒரு சினைக் கெண்டைதான். மழை வர்ற வரைக்கும் வச்சிருந்து குடுப்பியா?"

அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் எப்படி மாட்டேன் என்பாள்? "குடுங்க தாயி. உசுரோட கொண்டாந்து உங்க மடியில விடறேன்" என்று வாக்குக் கொடுத்து, கெண்டையைக் குடத்தில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

காரியப்பன் புழக்கடையில் கிணற்றை ஒட்டி ஒரு சின்னக் குட்டை வெட்டினான். கெண்டை முட்டையிட்டது, குஞ்சுகள் பொரிந்தன. வேலாத்தாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பத்தே நாளில் தண்ணீர் பச்சையாகி நாற்றம் எடுத்தது. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மீனைக் குடத்துக்கு மாற்றி, குட்டையை முழுக்க இறைத்துக் கொட்டி, தேய்த்துக் கழுவி, கிணற்றுத் தண்ணீரை நிரப்பினாள். அன்று சாயங்காலமே குஞ்சுகளில் பாதி வெள்ளை வயிறு தெரிய மிதந்தன.

கெண்டை தலையைத் தூக்கிச் சொன்னது: "ஆத்தா, அழுக்குத் தண்ணியில மூச்சு முட்டுது. நீ ஊத்தற புதுத் தண்ணியில ஒடம்பே வெடவெடங்குது. நான் எங்கதான் போவேன்?"

கிணறும் அடி கண்டுகொண்டிருந்தது. இன்னொரு முறை நிரப்ப முடியாது. ஆற்றுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது? வேலாத்தாள் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தவள் தேய்க்காமல் அழுதுகொண்டிருந்தாள். அப்போதுதான் வேலியோரம் ஒரு தவிட்டுக்குருவி கண்ணில் பட்டது. அவள் பாத்திரம் கழுவிய தண்ணீர் சேம்புப் புதருக்குள் கலங்கலாகப் போய், அந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி கசிந்து வந்தது. குருவி அதைத்தான் ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தது.

"ஏஞ் சேம்பு, எச்சித் தண்ணி எப்படி இப்படித் தெளிஞ்சுது?"

"நீங்க அழுக்குங்கறது எனக்குச் சோறுங்க ஆத்தா" என்றது சேம்பு.

"எங் குட்டைக்கு வர்றியா?"

"வர்றேனுங்க. ஆனா குட்டைக்குள்ள எறக்கிவிட்ராதீங்க. கரை மேல ஒரு பாத்தி கட்டி, கூழாங்கல்லு கொட்டி, அதுல நடுங்க. குட்டைத் தண்ணிய மொண்டு எங் காலடியில ஊத்துனா, அது வேருக்குள்ள பூந்து மெல்லமா கீழ குட்டைக்கே எறங்கிக்கும். மெதுவா ஊத்துங்க. அவசரப்பட்டா எனக்குப் புரையேறிரும்."

சொன்னபடியே செய்தார்கள். காலையும் மாலையும் வேலாத்தாள் மொண்டு ஊற்றினாள். மேலே கலங்கலாகப் போன தண்ணீர் கீழே தெளிவாகச் சொட்டியது. ஒரு மாதத்தில் குட்டையின் அடியில் கிடக்கும் மண்ணைக்கூடப் பார்க்க முடிந்தது. குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்தன.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நாம் இன்றைக்கும் கிழங்கைப் பச்சையாகத் தின்றுகொண்டிருப்போம். நாத்தனார் பாப்பாத்தி வருகிறாள் என்று சேதி வந்தது. வேலாத்தாள் வீட்டைக் கழுவினாள், திட்டுத் திட்டாகக் கிடந்த சாணத்தை வாரினாள், கடைசியில் புழக்கடைக்கு வந்தாள். பாத்தியில் கூழாங்கற்கள் எல்லாம் பாசி பிடித்து வழவழவென்று கிடந்தன. நாத்தனார் கண்ணில் இது பட்டால் மானம் போய்விடாதா? ஒவ்வொரு கல்லாக எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அதோடு விட்டாளா? சேம்பைத் தூக்கி அதன் வேரையும் புளி போட்டுத் தேய்த்து நட்டுவைத்தாள். சேம்பு வலியில் கத்தியது. அவள் தேய்க்கிற சத்தத்தில் அது அவளுக்குக் கேட்கவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் பார்த்தால் குட்டை கலங்கிக் கிடக்கிறது. கெண்டையும் குஞ்சுகளும் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிக்கின்றன.

"அந்த வழவழப்புத்தானுங்க ஆத்தா எனக்குக் கைகாலு" என்றது சேம்பு. "கழுவிப்புட்டீங்களே."

வேலாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நாஞ் செஞ்சது பாவந்தான். என்னை என்ன வேணாப் பண்ணிக்க. அந்த வாயில்லாததுகளக் காப்பாத்திக் குடு சாமி!"

புளி பட்டு வெந்து போன வேரோடு நின்ற சேம்பு முடியாது என்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அது சொன்னது: "கல்லுல மறுபடி பாசி ஏற நாளாகுமுங்க. அதுவரைக்கும் வர்ற அழுக்கையெல்லாம் நானே விழுங்கிக்கறேன். எனக்கு ஆகறது ஆகட்டும். நீங்க ஊத்துங்க."

பாப்பாத்தி வந்து சேர்ந்தபோது, சுத்தக்காரி அண்ணி முழங்கை வரை சேற்றோடு, கழுவிய தண்ணீர் ஓடும் வேலியோரத்துப் பாசிக் கற்களை வாரிவாரிப் பாத்தியில் கொட்டிக்கொண்டிருந்தாள். "வா பாப்பாத்தி, இந்தக் குடத்தைப் புடி" என்றாள். மோர்கூடக் குடிக்காமல் பாப்பாத்தியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மொள்ள ஆரம்பித்தாள். காரியப்பன் மூன்றாவது ஆளாக வந்து சேர்ந்தான். நாலு நாள் மாற்றி மாற்றி ஊற்றினார்கள். ஊற்றியதையெல்லாம் சேம்பு மூச்சுவிடாமல் விழுங்கியது. ஐந்தாம் நாள் கெண்டை அடிக்குப் போய் நிம்மதியாக வாலை ஆட்டியது.

அந்த மாதமே மழை பிடித்தது. ஆறு இரு கரையும் தொட்டுக்கொண்டு வந்தது. வேலாத்தாள் கெண்டையையும் குஞ்சுகளையும் கொண்டுபோய் விட்டாள். "ஒண்ணு குடுத்தேன், குடும்பமாக் கொண்டாந்துட்டியே தாயி" என்று ஆறு தழுதழுத்தது.

வீட்டுக்கு வந்ததும் காரியப்பன் பாத்திச் சேம்பின் பக்கத்தில் முளைத்த ஒரு கிழங்கைப் பறித்து, "இந்தா புள்ள, பசியாறு" என்று கொடுத்தான். கடித்தவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். ஆயிரம் முள் குத்துகிற மாதிரி அரித்தது.

"என்ன சேம்பு இது? இனிக்கற கிழங்காச்சே நீ?"

"அந்த நாலு நாள் விழுங்குன அழுக்கோட நமைச்சலுங்க ஆத்தா" என்றது சேம்பு கூச்சத்தோடு. "வெளிய விட்டா கெண்டைக்குப் போயிருமேன்னு உள்ளயே வச்சுக்கிட்டேன். இனிப் போகாதாட்டம் இருக்குது."

வேலாத்தாள் அப்படியே பாத்தியோரம் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பிஞ்சுக் குஞ்சுகளின் செவுளில் இருந்திருக்க வேண்டியது இப்போது அவள் தொண்டையில் இருந்தது. "இத்தனையும் எனக்காகத் தாங்குனியா சாமி" என்று சேம்பின் தண்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். அரிப்பு பொறுக்காமல், பாத்திரம் தேய்க்க வைத்திருந்த புளியை எடுத்து வாயில் போட்டாள். பட்டென்று அடங்கியது.

"புளின்னா எனக்குப் பயமுங்க" என்றது சேம்பு. "அன்னிக்குத் தேச்ச தேய்ப்பு அப்படி."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

அன்றைக்கு ஏறியதுதான் சேப்பங்கிழங்கின் அரிப்பு. புளியோடு வேகவைத்தால்தான் இன்றைக்கும் அது அடங்குகிறது. அதையும் மீறித் தொண்டையில் கொஞ்சம் அரித்தால், தான் இருந்தவரை வேலாத்தாள் யாரையும் திட்டவிட்டதில்லை. "கெண்டைக்குப் போகாம நம்மகிட்ட வந்துச்சேன்னு நெனச்சுக்குங்க" என்பாள்.